ஆமிக் காற்சட்டையும் என் ஓ.டி.யும்

குண்டசாலை பஸ்ஸில் போகும்போது அந்தக் காமன்ட்ஸ் தையல் தொழிற்சாலை வாசல் வந்தால் இப்போதும் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன். யுத்த காலத்தில் அங்கேதான் எனக்கு வேலை. ஹுன்னஸ்கிரியாத் தோட்டத்தில் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் பிடிக்காமல் இறங்கி வந்தவள் நான். முதலில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இரவு உடுப்பு தைத்தோம். சண்டை உச்சத்துக்குப் போனதும் ஆமிக் காற்சட்டை ஓடர் வந்தது. தொடைப் பக்கத்துப் பொக்கட் பொருத்துவது என் பங்கு. அதை என்னைவிட வேகமாகத் தைக்க அந்த லைனில் ஆளில்லை என்று இன்றைக்கும் பெருமை பேச வருகிறது. வெட்கங்கெட்ட வாய்.

போர்டிங் அறையில் என்னோடு இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். அவருடைய ஒரே தம்பி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து போன் வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. நான் என்ன தைக்கிறேன் என்பதை அவரிடம் மறைக்கவில்லை.

"வேலைதானே, செய். நீ தைக்காட்டி வேற ஆரோ தைக்கத்தான் போகினம்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஆமி ஓடரால் ஓ.டி., அதுதான் மேலதிக நேர வேலைக் காசு, கொட்டோ கொட்டென்று கொட்டியது. அம்மாவைத் தோட்டத்து லயக் காம்பராவிலிருந்து இறக்கி ஒரு வாடகை வீட்டில் வைத்துவிட வேண்டும், எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அட்வான்ஸுக்கு இன்னும் கொஞ்சம்தான் குறை.

ஒரு நாள் பகலில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். பக்கத்து மெஷின் சிங்களப் பெண்ணின் அண்ணன் ஆமியில் இருந்தான். இனி அவன் உயிரோடு வீட்டுக்கு வருவான் என்று என் தோளில் விழுந்து அழுதாள். அவளுக்காக எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனாலும் வாயில் பாற்சோறு இருக்கும்போதே சூப்பர்வைசரிடம் போய், அப்படியென்றால் ஓ.டி. என்னாகும் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இனி இருக்காது என்றார்.

கடுகடுவென்று அறைக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"சண்டை முடிஞ்சுதாம், மெய்யே? இனிப் பாதை திறப்பாங்கள். தம்பி வந்திடுவான், என்ன?"

"ஒங்களுக்கென்னக்கா, தம்பி வந்துருவாரு. எங்களுக்குத்தான் ஓ.டி. போச்சு. இனி அம்மாவ எப்புடி எறக்குறது?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன்.

"அப்ப, சண்டை இன்னும் கொஞ்ச நாள் நடந்திருக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தேன். நான் யோசிப்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.