எமிலியானுஸ் காட்டிய நாடு

எமிலியானுஸ் நல்ல பேச்சாளர் அல்ல. 1996 சித்திரையில் ஒரு ஞாயிறு, இத்தாலியின் பலெர்மோ நகரில், தமிழ்ப் பூசை முடிந்தபின், மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் அவர் ஸ்லொவேனியா என்ற நாட்டைப் பற்றிப் பேசியதும் நல்ல பேச்சு அல்ல. சுவரில் ஒட்டிய படங்களில் இரண்டு நடுவில் கழன்று விழுந்தன. அவர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே பேசியதால், பின்வரிசைக்குப் பாதிச் சொற்கள்தான் கேட்டன.

"பாதி நாடு காடு," என்றார். "மலை, குளம், ஆறு. எங்க பாத்தாலும் பச்சை. தேனீப் பெட்டிக்குக்கூட படம் கீறி வைச்சிருக்கினம்."

"தேனீ வாசிச்சுப் பாக்குமோ மச்சான்?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் அவருடைய நண்பர் ஏர்னஸ்ற். மண்டபம் சிரித்தது.

"நீ வாசிக்கிறதைவிடக் கூட வாசிக்கும், இரு."

எமிலியானுஸ் மன்னாரில் பேசாலையைச் சேர்ந்தவர். பலெர்மோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமைத்து, துடைத்து, மாலையில் அவரைக் கைபிடித்து நடத்திச் செல்வது அவருடைய வேலை. ஆவணியில் சிஞ்ஞோராக்கள் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அந்த விடுமுறையில் ஒரு பேருந்து பிடித்து, நம்மவர்களோடு அந்த நாட்டைப் பார்த்து வரவேண்டும் என்பது அவருடைய திட்டம். பேருந்து நிறைந்தால்தான் வண்டிக்காரர் வருவார். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

ஏன் அந்த நாடு என்பதை மண்டபத்தில் அவர் சொல்லவில்லை. மனைவி கத்தரீனாவுக்கு மட்டுமே தெரியும். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் அந்த நாட்டைக் கடந்திருக்கிறார். அப்போது அதற்கு யூகோஸ்லாவியா என்று பெயர். லொறியில், மரப்பெட்டிகளுக்கு நடுவே, தார்ப்பாயின் கீழ் படுத்தபடி கடந்தார். பின்னாளில் சிஞ்ஞோராவின் வீட்டு வரைபடத்தில் விரலை வைத்துத் தேடியபோது சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து, கல்யாணமான புதிதில் கணவரோடு அங்கே போனதாகவும், அவ்வளவு பச்சையை வேறெங்கும் காணவில்லை என்றும் சொன்னார். அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. இருவரும் போனது ஒரே பாதை. ஒருவர் பார்த்தார், ஒருவர் பார்க்கவில்லை.

"ஒருக்காவாவது ஒரு நாட்டுக்குள்ள வாசலால போய் வாசலால வரவேணும்," என்று கத்தரீனாவிடம் சொல்லியிருந்தார். அவர் இதுவரை கடந்த எல்லைகளெல்லாம் இருட்டில் கடந்தவை.

பேச்சின் முடிவில் அவர் சொன்னார்: "சின்ன நாடு. காலமை ஒரு எல்லையில தேத்தண்ணி குடிச்சா, மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்ற எல்லைக்குப் போயிடலாம்."

அதுவரை பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"அண்ணை, ஹங்கேரிப் பக்கம் காவல் எப்பிடி?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. நாங்கள் இத்தாலிப் பக்கத்தாலதானே போறம்."

"போறது சரி. வரேக்கை பஸ்ஸுக்குள்ள ஏறி எண்ணுவினமோ?"

எமிலியானுஸுக்குக் கேள்வி விளங்கவில்லை. எண்ணுவார்களாக இருக்கும் என்றார். கேட்டவர் புன்னகைத்து, விளங்கிவிட்டதுபோல் தலையாட்டினார்.

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அந்த ஆண்டுகளில் நம்மவர்கள் நடுவே ஒரு நாட்டைச் சும்மா வர்ணித்தவர் எவரும் இல்லை. இப்படியான அறைகளில்தான் சுவிஸும் பிரான்சும் முதலில் வர்ணிக்கப்பட்டன. மலை என்றால் ஏறவேண்டிய மலை, ஆறு என்றால் இறங்கவேண்டிய ஆறு. வர்ணிப்பவர் காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்துபவர்; அவருக்கு ஏஜென்சிக்காரர் என்று பெயர். திரும்பி வருவதற்காக ஒரு நாட்டுக்குப் போகலாம் என்பது ஒரு கருத்து. கருத்துகளுக்கும் முன் அனுபவம் தேவைப்படுகிறது. அந்த அனுபவம் மண்டபத்தில் எவருக்கும் இருக்கவில்லை, பேசியவருக்கும்தான்.

ஒரு வாரத்தில் பேருந்து நிறைந்துவிட்டது. எமிலியானுஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நகரின் சீசா பகுதியில் அவருடைய வீட்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். ஏர்னஸ்ற் வந்து அவரைக் கபோ சந்தைப் பக்கம் கூட்டிப்போய், ஒரு மீன்கடை ஓரமாக நிறுத்தினார்.

"மச்சான், பஸ் நிறைஞ்சிட்டுது எண்டு நீ துள்ளுறாய். போகேக்கை பாதி சீற் காலியாத்தான் போகும்."

"ஏன்? எல்லாரும் பேர் தந்திருக்கினமே."

"பேர் தந்தவை வராயினம். அவையின்ர வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸோவைத்தான் தருவினம். ஹங்கேரியில மாட்டுப்பட்டு நிக்கிற எங்கட சனம் ஸ்லொவேனியாவுக்குள்ள வந்து ஏறுவினமாம். அண்ணனின்ர பெர்மெஸோவில தம்பி. மச்சானின்ர பெர்மெஸோவில மச்சான்."

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. உனக்குத்தான் தெரியாது. வெள்ளைக்காரனுக்கு எங்கட முகம் எல்லாம் ஒரே முகமாம். ஒருத்தன் உன்ர மூளையைப் புகழ்ந்து என்னோட அரை மணித்தியாலம் கதைச்சவன். நான் எண்டைக்கு உன்ர மூளையைக் கண்டனான்?"

எமிலியானுஸ் சிரிக்கவில்லை. பிடிபட்டால் பெர்மெஸோ போகும். அவருடையது மட்டுமல்ல, வண்டியில் இருக்கும் எல்லோருடையதும். அன்றே ஒவ்வொரு வீடாகப் போனார். தான் ஏஜென்சி அல்ல என்றார். ஏஜென்சிக்காரர்கள் எப்போதும் சொல்வது அதைத்தான். அவர் எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கு நம்பிக்கை கூடியது.

சில நாட்களில் எமிலியானுஸின் வீட்டுக்குக் குகனேஸ்வரி வந்தார். நெடுந்தீவுப் பெண், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகம் துப்புரவாக்குபவர். தம்பி நகுலேஸ்வரன் புடாபெஸ்டில் ஒரு அறையில் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தான். கொண்டுவந்தவன் அங்கே விட்டுவிட்டு மறைந்துவிட்டான்.

"அண்ணை, வெளியில சொல்ல மாட்டன். என்ர தம்பிக்கு ஒரு சீற்."

"தங்கச்சி, நான் அந்த வேலை செய்யேல்லை. சுத்திப் பாக்கத்தான் போறம்."

"ஓம் அண்ணை. சுத்திப் பாக்கத்தான்." குகனேஸ்வரி கண்ணைச் சிமிட்டினார்.

"மாதாவாணை, உண்மையாத்தான்!"

கத்தரீனா தேத்தண்ணியோடு வந்தார். "உண்மைதான் குகனேஸ். இவருக்கு விசர். குளம் பாக்கப் போறாராம்."

குகனேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நம்பினார். நம்பியதும் அவருடைய முகம் கடுமையானது.

"குளம் பாக்கவோ? பஸ் பிடிச்சு, அவ்வளவு தூரம், குளம் பாக்கவோ?" தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார். "உங்களை ஏத்திக்கொண்டு வந்தவனும் குளம் பாக்கத்தான் வந்தவனோ அண்ணை? அவன் அப்பிடி நினைச்சிருந்தா நீங்கள் இண்டைக்கு இஞ்சை இருக்க மாட்டியள்."

அந்தக் கேள்விக்கு இப்போதும் சரியான பதில் இருப்பதாகத் தோன்றவில்லை. மறுநாள் பேருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆவணியில் அவரும் கத்தரீனாவும் மட்டும் முறையாக விசா எடுத்துக்கொண்டு ரயிலில் போனார்கள். எல்லையில் அதிகாரி பெட்டிக்குள் வந்ததும் எமிலியானுஸ் எழுந்து நின்றார். கத்தரீனா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இருங்கோப்பா. கள்ளன் மாதிரி நிக்காதேங்கோ."

அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார், முத்திரை குத்தினார், அடுத்த பெட்டிக்குப் போனார். அவ்வளவுதான். ஏழு ஆண்டுகள் அவர் மனதில் பெரிதாக வளர்ந்திருந்த வாசல் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மை இன்னும் ஈரமாக இருந்தது. அது மகிழ்ச்சியா என்று கத்தரீனா கேட்டபோது, தெரியவில்லை என்றார்.

நாடு படங்களில் இருந்தபடியே இருந்தது. குளத்தின் நடுவே தீவு, தீவில் கோயில். கத்தரீனா படகில் போய் மாதாவிடம் மன்றாடினார், கரைக்கு வந்து பாலாடைக் கேக் சாப்பிட்டார், போதாதென்று கணவருடையதையும் சாப்பிட்டார். எமிலியானுஸ் படகில் இருந்தபோது கரையை நினைத்தார். கரையில் இருந்தபோது மலையைப் பார்த்தார். மலைச் சரிவின் காட்டைப் பார்க்கும்போது, அதற்குள் எந்த இடத்தில் மனிதர் நடக்கலாம், எந்த இடத்தில் மறையலாம் என்று கண் தானாகக் கணக்குப் போட்டது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை. ஒரு ஆற்றில் காலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் லூப்லியானாவில் தபால் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தார். முதலில் குகனேஸ்வரியை அழைத்தார். வேறெதுவும் கதைக்காமல் தம்பியின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். குகனேஸ்வரியும் வேறெதுவும் கேட்காமல் சொன்னார்.

புடாபெஸ்டில் மணி நீண்ட நேரம் அடித்தது.

"ஆர்?"

"தம்பி, நான் எமிலியானுஸ். ஸ்லொவேனியாவில இருந்து கதைக்கிறன்."

"ஐயோ அண்ணை! வந்திட்டியளோ? எப்ப வெளிக்கிட வேணும்?"

"கொஞ்சம் பொறும். நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லை. பஸ்ஸும் இல்லை. நான் சுத்திப் பாக்க வந்தனான்."

மறுமுனையில் நகுலேஸ்வரன் சிரித்தான். கேலியாக இருக்கவில்லை, நெடுநாள் சிரிக்காதவனுக்குச் சிரிப்பு இருமலாக வந்தது.

"சுத்திப் பாக்கவோ அண்ணை? எங்கட ஆக்களும் சுத்திப் பாக்க வெளிக்கிட்டினமோ?"

"ஓம்."

"அப்ப சொல்லுங்கோ. நான் இந்த அறையில சுவரைத்தான் பாக்கிறன். என்ன பாத்தனீங்கள்?"

எமிலியானுஸ் சொன்னார். குளத்தைச் சொன்னார், தீவைச் சொன்னார், தேனீப் பெட்டியைச் சொன்னார். மண்டபத்தில் பேசியதைவிட நன்றாகவே சொன்னார். இடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நகுலேஸ்வரன் "ஓம் அண்ணை, ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணை," என்றான் பிறகு, குரலைத் தாழ்த்தி. "அங்கத்தை ஆறு ஆழமோ?"

எமிலியானுஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கத்தரீனா ஒரு வாங்கில் அமர்ந்து காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லலாம். தான் வெறும் பார்வையாளன் என்று இப்போதுதானே அவனுக்குச் சொன்னார்.

"நான் பாத்தது ஒரு ஆறுதான்," என்றார். "உங்கட பக்கத்து ஆறு எப்பிடி எண்டு தெரியாது. இது பாக்க வடிவு. பச்சைத் தண்ணி, அடியில கல்லுத் தெரியும். ஆழமில்லை எண்டு நினைப்பீர். ஆனா இழுவை கூட. ஆவணியிலயே குளிர் எலும்புக்குள்ள போகுது. நீச்சல் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

"தீவில பிறந்துபோட்டு நீச்சல் தெரியாதோ?"

"படிக்க விட்டவை, நீந்த விடேல்லை."

"அப்ப இறங்காதையும். ஆர் சொன்னாலும் இறங்காதையும். இரவில கட்டாயம் இறங்காதையும்."

"சரி அண்ணை."

தொலைபேசியில் பணம் முடியப்போவதாகச் சத்தம் கேட்டது. எமிலியானுஸ் கதவைத் திறந்து கத்தரீனாவிடம் கையை நீட்டினார். யாரோடு பேசுகிறார் என்று கத்தரீனா கேட்கவில்லை. பையைத் துழாவி, இருந்த சில்லறையெல்லாம் கொடுத்தார்.

"காடு எப்பிடி?" என்று நகுலேஸ்வரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

எமிலியானுஸ் நாணயங்களைப் போட்டுவிட்டு, காட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.