ஒப்புக்கு எழுதிய பாட்டு

அந்தச் சினிமாப் பாட்டாசிரியருக்கு ஒரு பழக்கம். இசையமைப்பாளர் மெட்டைக் கொடுத்ததும், அதன் அளவு மறக்காமல் இருக்க ஒப்புக்குச் சில சொற்களைப் போட்டு வைப்பார். மற்றவர்கள் கண்ணே பொன்னே என்று போடுவார்கள். இவர் தன் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களைப் போடுவார்: மில் வாசல், தண்ணித் தொட்டி, பழைய பள்ளிக்கூடம், கடைசியில் இறங்கினால் அக்கா வீடு. அழுகைப் பாட்டோ ஆட்டப் பாட்டோ, எந்த மெட்டும் முதலில் அந்த வழியாகத்தான் போய் வரும். பிறகு அதை அடித்துவிட்டு நிலா, மழை என்று எழுதிக் கொடுப்பார். நாற்பது வருஷம் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

ஒருமுறை அடிக்காத தாளே ஒலிப்பதிவுக்குப் போய்விட்டது. பாடகியும் உருகி உருகிப் பாடிவிட்டாள். பதறிக்கொண்டு திருத்தப் போனவரை இசையமைப்பாளர் தடுத்தார். "விடுங்கண்ணே, தண்ணித் தொட்டின்னு வர்ற இடத்துல எனக்கே அழுகை வந்துருச்சு."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மண்ணை மறக்காத கவிஞர் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த மண்ணை அவர் மிதித்துப் பல வருஷமாகியிருந்தது. மறு வருஷமே அக்கா வீட்டுக்காரர் இறந்தார். ஒலிப்பதிவு இருக்கிறது என்று இவர் போகவில்லை. அது தப்பு என்று அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் செய்தார்.

இப்போது எழுபத்திரண்டு வயதில், மனைவியும் போன பிறகு, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றார். மிச்சக் காலத்தை இங்கேயே கழிக்க ஆசை. அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும். ஊர் எப்போதோ சம்மதித்துவிட்டது. வந்த பேருந்தில் கண்டக்டர் எழுந்து தன் இடத்தையே கொடுத்திருந்தார்.

"அக்கா, நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உன் மச்சான் போன அன்னைக்கு டீக்கடையில உன் பாட்டு. அக்கா வீடு, அக்கா வீடுன்னு ஒரே கத்தல். நான் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்டா. ஊரே வந்துச்சு, நீ வரல."

எண்ணூறு பாட்டு எழுதியவருக்கு வெட்கமாக இருந்தது. நின்றபடியே அழுதார். அக்கா தடுக்கவில்லை, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு உள்ளே போய் மச்சானின் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள்.

"பயண அழுக்கோட உக்காராதே. இதைப் போட்டுப் பாரு."

தோள் பிடித்தது. கடைசிப் பொத்தானுக்கும் வயிற்றுக்கும் ஒத்துப்போகவில்லை.

"கச்சிதமா இருக்குக்கா."

"மூச்சே விடாம சொல்றே. கழட்டு. நாளைக்குத் தையக்காரர்கிட்டக் குடுத்துப் பிரிச்சு விடச் சொல்லலாம். உள்ள இன்னும் ஆறு சட்டை இருக்கு."