நல்ல தண்ணி

வெள்ளகோவில் பக்கம் ஒரு கல்குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டம் அளந்து, பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. கடைசித் தோட்டத்து அம்மாவுக்கு ஒடிசலான உடம்பு, கல்தூசி படிந்த தலை. யார் வந்தாலும் ஒரு சொம்பு நல்ல தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். அங்கே நல்ல தண்ணி என்றால் பஞ்சாயத்துக் குழாயில் வருவது.

ஒருமுறை வெயிலுக்குச் சோம்பி, கிணறுவரை நடக்காமல் அந்தக் குழாயிலேயே பாட்டிலை நிரப்பினேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை போனது. அதைக் காட்டியே குவாரிக்காரர்கள் இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி வாங்கிவிட்டார்கள்.

அடுத்த மாதமும் சொம்பை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன், கிணற்றுத் தண்ணீர். உப்புக் கரித்தது, நாக்கில் கல்மாவு நறநறத்தது.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? நல்ல தண்ணின்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க. குடிங்க கண்ணு."

முழுசும் குடித்தேன். இன்னொரு சொம்பு கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து கிணற்றில்தான் பிடிக்கிறேன், உள்ளதைத்தான் எழுதுகிறேன். கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப வாங்கவில்லை. அவரும் என்னை விடவில்லை. ஒவ்வொரு மாதமும், மரியாதை கொஞ்சமும் குறையாமல், அதே கிணற்றுத் தண்ணீர்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."