விசுவமடு என்று ஒட்டிய திரை

பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் மரியதாஸ் அண்ணையின் மனைவி. "பிள்ளை, இவர் மோசம் போயிட்டார். விடியக் கதிரையில இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டவர். கொண்டந்து குடுக்க முதல் எல்லாம் முடிஞ்சுது," என்றார். பஸ் வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்த எண்ணம், வருகிற புதன்கிழமை விசாரணைக்கு இனி யார் போவது என்பதுதான். அப்படி நினைத்ததற்கு என்மேல் எனக்கே கோபம் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளிநொச்சியில், காணிப் பிணக்குகளில் சிக்கிய மக்களுக்கு உதவும் சிறிய அலுவலகம் ஒன்றில் நாங்கள் பல வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். நான் வெளிக்கள உத்தியோகத்தர். கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். "கடலுக்குப் போனா எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும். அதுதான் கொம்பியூட்டருக்குள்ள விழுந்தனான்," என்பார். கணினி மெதுவாக வேலை செய்கிறதென்று யாராவது முறையிட்டால், "நீங்கள் மட்டும் காலமையில வேகமாவோ இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்பி வருவார்.

காடு வெட்டிக் குடியேறிய முதியவர்கள் பலரிடம் தாள் என்று ஒன்றும் இல்லை. மலையகத்திலிருந்து வந்து இங்கே கமம் செய்தவர்களிடமும் இல்லை. ஆகவே அவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தோம். யார் யார் சேர்ந்து வெட்டினார்கள், கிணறு எங்கே, எல்லை எது என்பதெல்லாம் அவர்கள் வாயால் சொன்னது. பதிவுக்கு மரியதாஸ் அண்ணைதான் போவார். பதிந்ததை முழுக்கத் திருப்பிக் கேட்டபின்தான் கணினியில் சேமிப்பார். ஊருக்கு ஒரு கணினி. விசுவமடு, பரந்தன், உருத்திரபுரம் என்று ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தார். குரல்கள் பெரிய கோப்புகள், எங்கள் இணையத்தில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஏறாது. பிரதி எடுத்து வைக்க வெளி டிஸ்க் ஒன்று கேட்டு எழுதினார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று பதில் வந்தது.

அடுத்த வருடம் புதிய கணினிகளே வந்தன. பழையவற்றைக் கழிவு எடுக்கும் லொறியில் ஏற்ற வேண்டும், ஏற்றுமுன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் துளையிட்டு அழிக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் கட்டளை. மக்களின் அந்தரங்கம் வெளியே போகக்கூடாது என்ற நியாயமான காரணம்தான். மரியதாஸ் அண்ணை பக்கத்துத் தச்சுப் பட்டறையில் துளையிடும் மெசின் இரவல் வாங்கினார். ஒரு கணினியில் இருப்பதைப் புதியதற்கு ஏற்றுவார், ஏற்றியது திறக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் துளைப்பார். அவசரமே படவில்லை.

பரந்தன் கணினியில் இருந்ததைப் புதியதற்கு ஏற்றி முடித்த அன்று பின்னேரம் பெருமழை. கூரை ஒழுகியது. நாங்கள் இடம்பெயர்ந்து பழகியவர்கள். தூக்கு, ஓடு என்றால் ஒரு நிமிடத்தில் ஒரு வீட்டையே காலி செய்துவிடுவோம். எல்லோருமாகச் சேர்ந்து முதலில் திரைகளைக் காப்பாற்றினோம், ஏனென்றால் எங்கள் பேச்சில் திரைதான் கொம்பியூட்டர். கீழே நிற்பது வெறும் பெட்டி. மழை விட்டதும் கைக்கு வந்த திரையைக் கைக்கு வந்த பெட்டியில் வைத்து எல்லாவற்றையும் திருப்பி அடுக்கினோம். ஆனால் பெயர்கள் ஒட்டியிருந்தது திரைகளில்.

மறுநாள் அவர் பரந்தன் என்ற திரையின் கீழிருந்த பெட்டியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துத் துளைத்தார். பிறகு விசுவமடு என்ற திரையை இயக்கினார். பரந்தன் கோப்புகள் வந்து நின்றன. திரையை அணைத்துத் திரும்பவும் இயக்கினார். "பிள்ளை, இங்க ஒருக்கா வாங்கோ," என்றார். போனேன். "இதில என்ன ஊர் தெரியுது?" என்று கேட்டார். சொன்னேன். துளைபட்டது இன்னும் புதியதற்கு ஏற்றாத விசுவமடு. அவர் நிலத்தில் இருந்துவிட்டார்.

துளைத்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார். தகவல் மீட்கும் கடையில் ஒரு பொடியன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவா ஆர் துளைச்சது?" என்று கேட்டானாம். "என்ர வேலையை ஒருத்தன் புகழ்ந்தது அதுதான் முதல் தரம்," என்று வந்து சொன்னார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

தலைமை அலுவலகம் வருத்தம் தெரிவித்ததோடு நின்றுகொண்டது. எங்கள் பிழையும்தான் அண்ணை என்று நாங்கள் சொன்னால், "ஒட்டினது நான், துளைச்சது நான்," என்று வாயை அடைத்துவிடுவார். லீவு நாட்களில் மோட்டார் சைக்கிளில் விசுவமடுவுக்குப் போய், உயிரோடு இருந்த முதியவர்களைத் திரும்பவும் பேசவைத்தார். செத்தவர்களை என்ன செய்வது? மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் குடியேறிய ராமையா ஐயா, பதிவு கொடுத்த பிறகு செத்துவிட்டார்.

அவருடைய மகள் லெட்சுமி ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். காணிக்கு விசாரணை வந்திருந்தது. பக்கத்துக் காணிக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, கிணற்றோடு சேர்ந்த பாதியும் தனதென்கிறார். பங்கு பிரித்தது லெட்சுமி பிறக்கமுன். எந்த மரத்திலிருந்து எதுவரை பிரித்தார்கள், யார் சாட்சி நின்றார்கள் என்பதை ராமையா ஐயா பதிவு நடந்த அன்றுதான் வாய் திறந்து விரிவாகச் சொன்னாராம். அன்று லெட்சுமி நெல்வயலில் அருவி வெட்டப் போயிருந்தார்.

"சார், எங்கப்பா பேசுனது இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. என்ர கையாலதான் அழிச்சனான்," என்றார் மரியதாஸ் அண்ணை. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு வராது. பிறகு சொன்னார்: "ஆனால் நான் காதால கேட்டனான். விசாரணைக்கு வந்து சொல்லுறன்."

கேட்டவர் நேரில் வந்து சொன்னால் பதிகிறோம் என்று விசாரணை அதிகாரியும் சம்மதித்தார். அதன்பின் அண்ணைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ராமையா ஐயா சொன்னதை எங்களுக்குக் கேளாமல் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிவார். "அண்ணை, அதை எழுதி வையுங்கோ, இல்லாட்டி இந்தப் புதுக் கொம்பியூட்டரில பேசிப் பதியுங்கோ," என்று நான் கெஞ்சினேன்.

"இனி ஒரு பெட்டியையும் நம்பமாட்டன், பிள்ளை. எழுதிக் குடுத்தால் தாள்தான் போகும். நான் போகவேணும்," என்றார்.

இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. எங்களுக்கெல்லாம் பிரதி எடுங்கோ, பிரதி எடுங்கோ என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்த மனிதர் அவர்.

கடற்கரைக் கோயிலில் பூசை முடிந்து, புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். லெட்சுமி விசுவமடுவிலிருந்து தனியாக வந்திருந்தார். அவருடைய ஆட்களின் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆனாலும் எங்களோடு குழிவரை நடந்து வந்தார். சுவாமியார் செபம் சொல்லி முடித்தார். ஒவ்வொருவராக மண் போடத் தொடங்கியபோது லெட்சுமி முன்னுக்கு வந்து குந்தினார். சத்தம் போட்டு அழவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோலக் குழிக்குள் குனிந்து பேசினார்.

"சார், எங்கப்பா சொன்னத ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் போங்க சார்."

மண் போட நின்றவர்கள் கையில் மண்ணோடு கொஞ்சம் பொறுத்தார்கள். அண்ணையின் மனைவி வந்து லெட்சுமியைப் பிடித்து எழுப்பினார். பிறகு போட்டார்கள்.

மரியதாஸ் அண்ணை, உங்களை வழியனுப்ப என்னிடம் நல்ல சொல் ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருங்கோ என்று சொல்லவும் வாய் வரவில்லை. புதன்கிழமை லெட்சுமியோடு நான் போகிறேன். உங்கள் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் இருந்தவள் என்று சொல்வேன். ராமையா என்ன சொன்னார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது.