என் காலுக்கு வந்த பழி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். வாங்கியது என் கணவர், ஓட்டியது நான். பள்ளிக்கூட வாத்தியாரான அவருக்கு ஸ்கூட்டரே போதும். ஸ்டீயரிங் பிடிக்கும் ஆசை அவருக்கு வந்ததே இல்லை. நான்தான் டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு நடுவே டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் வாங்கினேன். என் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவள். எங்கள் சொந்தத்திலேயே கார் ஓட்டிய முதல் பெண்பிள்ளை நான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு, இப்போதும் குறையவில்லை.

நான் ஓட்டினேன் என்றால் அவர் காரைக் குளிப்பாட்டினார். அப்போது மதுக்கரையில் குடியிருந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் கார்மேல் பக்கத்து ஆலையின் சிமெண்ட் தூசி மாவு சலித்துக் கொட்டியதுபோலப் படிந்திருக்கும். பள்ளி விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் பைப்பை எடுத்துவிடுவார். கூரையில் ஆரம்பித்து சக்கரத்தின் இண்டு இடுக்கு வரைக்கும் பீய்ச்சி அடிப்பார். எல்லாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் உப்புக் கரிக்கிற போர் தண்ணீர். நல்ல தண்ணீர் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும்தான். பாக்கி எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். காருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் தெருவே கூடிக் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கருமத்தம்பட்டிக்கு அம்மாவைப் பார்க்கப் போவோம். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்களோடு காரில் வந்து கொஞ்ச நாள் தங்குவதாக அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். அவளை முன்சீட்டில் உட்காரவைத்து நான் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். வேறெந்தப் பண்டிகை ஏற்பாட்டையும்விட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கையில், அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினால், முன் சக்கரத்துப் பக்கம் கருகிய நாற்றம். என் கணவர் மோந்து பார்த்துக்கொண்டே காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பிரேக்குல காலை வெச்சுட்டே ஓட்டறயாட்ட இருக்குது அம்மணி," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையிடம் பேசும் இதமான குரல். அதுதான் எனக்குத் தாங்காது.

"இல்லீங்க. நான் வைக்கலீங்க."

"தெரியாமக்கூட வெச்சிருப்ப."

தண்ணீர்ச் சொம்போடு நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு நான் பஸ்ஸுலயே வந்தர்றனுங் மாப்ள. நீங்க எனக்காகச் சிரமப்பட வேண்டாமுங்." பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்து ஓட்டு கண்ணு," என்றாள். திரும்பி வரும்போது சூலூர் தாண்டும்வரை கியரை வெடுக் வெடுக்கென்று மாற்றினேன்.

சுந்தராபுரத்துப் பட்டறையில் காட்டினோம். மெக்கானிக் முதலில் கேட்டதே, "அக்காதான் ஓட்டறதுங்களா?" என்றுதான். "அப்ப பேடு சீக்கிரம் தேயத்தானுங்க செய்யும்," என்று முன் சக்கரம் இரண்டுக்கும், கவ்விப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேடைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை விடைத்தாளில் சிவப்பு மையால் இழுத்த கோடுபோல இருந்தது.

சில வாரத்தில் மறுபடியும் அதே நாற்றம். கூடவே கார் இடது பக்கமாக இழுத்தது. அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பில் தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு, "ஏனுங்க, ஒரு சொம்புத் தண்ணியோட வந்து கார்ல ஒக்காருங்க," என்றேன்.

"தோசை?"

"அப்புறம்."

பாலக்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். "இப்ப என் காலைப் பாருங்க," என்றேன். வலது கால் ஆக்ஸிலேட்டரில் மட்டும். பிரேக்கைத் தொடவே இல்லை. கடைசியில் ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து ஓரமாக நிறுத்தினேன். இறங்கி வலது முன் சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன். சும்மா வழிந்தது. இடது முன் சக்கரத்தில் தெளித்தேன். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பியது.

"பிரேக்கை மிதிச்சா ரெண்டு பக்கமுந்தானுங்க புடிக்கும்? என்ற காலு இடது சக்கரத்தை மட்டும் எப்படீங்க மிதிக்கும்?"

அவர் சொம்பை வாங்கி இரண்டு சக்கரத்திலும் தானும் தெளித்துப் பார்த்தார். பிறகு, "ம்," என்றார். வாத்தியார் வாயிலிருந்து அந்த ஒரு எழுத்தை வாங்க நான் பட்ட பாடு!

மறுநாள் பட்டறையில் நான் நகரவே இல்லை. பேடைக் கழற்றினால் போதாது, அதை அழுத்துகிற கேலிப்பரையே பிரிக்கவேண்டும் என்று நின்றேன். பிரித்தார்கள். பேடு இரண்டும் அதனதன் காடிப் பள்ளத்தில் துருவோடு துருவாகச் சிக்கிக்கொண்டிருந்தன. கேலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்கான, 'பின்' என்கிற இரும்புக் கம்பிகள் இரண்டையும் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. மிதித்தால் பிடிக்கிறது, விட்டால் விலக வழியில்லை. துருவின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். எங்கள் வெந்நீர்க் குண்டாவின் அடியில் நான் தினம் தேய்க்கிற அதே உப்பு.

நான் விலகி இடம் விட்டேன். அவரே எட்டிப் பார்த்தார். வீட்டில் சாயங்காலம் காரை நிறுத்தும்போது இடது பக்கம் காம்பவுண்ட் சுவரை ஒட்டி நிற்கும். மறுநாள் வெயில்கூட அந்தப் பக்கம் விழாது, அடித்த தண்ணீர் காயாமல் அங்கேயே ஊறும். "தினம் குளிப்பாட்டி நாந்தான் கெடுத்துப்போட்டனாட்ட இருக்குது," என்றார். மெக்கானிக் சிரித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார்கள். பின்களை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி கிரீஸ் தடவினார்கள். பேடைத் தள்ளுகிற, அரித்துப்போன பிஸ்டனையும் அதன் ரப்பரையும் மாற்றினார்கள். கடைசியில் பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்கவேண்டுமாம். "அக்கா, நீங்களே மிதிங்க," என்றார் மெக்கானிக்.

"மிதிங்க... அப்படியே புடிங்க... இப்ப விடுங்க."

என் கணவர் கீழே குத்தவைத்து, குழாய் செருகிய பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் குமிழி வருது, மிதி அம்மணி, நல்லா மிதி," என்றார். மிதித்தேன். மனசார மிதித்தேன்.

அதற்குப் பிறகும் காருக்கு நல்ல தண்ணீர் ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கருமத்தம்பட்டி போனோம். அம்மா பையோடு பஸ்ஸுக்குப் போகத் தயாராக நின்றாள். இவர் பையை வாங்கிக்கொண்டு, "கோளாறு என்னாலதானுங்க அத்தை. உப்புத் தண்ணியை ஊத்தி நாந்தான் பிரேக்கைக் கெடுத்துப்போட்டேன். உங்க புள்ளை நல்லாத்தான் ஓட்டறா," என்றார். முன்கதவைத் திறந்துவிட்டு அவர் பின்சீட்டுக்குப் போனார்.

அம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். வெகுதூரம் அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சூலூர் தாண்டியதும் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது ஒரு பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போனது.

"அவனென்ன நம்மளைத் தாண்டிப் போறான்?" என்றாள் அம்மா. "இன்னுங் கொஞ்சம் வெசையாத்தான் போ கண்ணு."