ரப்பர் பட்ட பக்கங்கள்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பொம்மைப் புத்தகம்'. பட்டப்பெயர் என்றால் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அத்தானை நேரிலேயே அப்படிக் கூப்பிடலாம், "என்னப்பா" என்று சாவகாசமாகத் திரும்பிப் பார்ப்பார். நாள் முழுக்க கிரீஸும் இரும்புக் கயிறுமாகப் புழங்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். சாப்பாட்டுக்குக்கூட அவ்வளவு கழுவமாட்டார். காமிக்ஸ் புத்தகங்களைத் தொடுவதற்காகத்தான் அந்தக் கழுவல்.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் முடிந்து அங்கே போன அன்று, துணிகளை வைக்க இரும்பு பீரோவைத் திறந்திருக்கிறாள். மேலிருந்து கீழ்வரை புத்தகம். அத்தான் அசடு வழிய, கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸைக் காட்டினாராம். நானாக இருந்தால் அன்றைக்கே பீரோவோடு சேர்த்து அவரையும் வெளியே வைத்திருப்பேன்.

எல்லாம் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு எடுத்தவை. அதில் அவர் உயிரையே வைத்திருந்தது பச்சைக்குடைத் துப்பறிவாளர் என்ற ஒரு தொடரின் மீது. எந்நேரமும் குடையோடு அலைகிற ஒரு வழுக்கைத்தலை ஆசாமி கொலைகாரர்களைப் பிடிப்பார், அதுதான் கதை. மட்டமான காகிதத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள். குடை பச்சை என்பதை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை முழு செட் அத்தானிடம் இருந்தது. அப்படி வைத்திருக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார். அதில் என்ன பெருமை என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

பிறகு அந்தத் துப்பறிவாளரை வைத்து டிவியில் ஒரு தொடர் வந்தது. அடிமாட்டு விலைக்குக் கிடந்த புத்தகங்கள் திடீரென்று யானை விலை குதிரை விலை ஆயின. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிற பழைய புத்தக வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். நாங்கள் அவரை லென்ஸ்காரர் என்போம். முழு செட்டுக்கும் அவர் சொன்ன விலைக்குச் சின்னதாக ஒரு வீடே வாங்கலாம். அக்கா அப்போது கைக்குழந்தையோடு மூன்று மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"குடுத்துடுங்களேன்," என்றாள். "கீழ் வீடா ஒண்ணு பாத்துட்டுப் போயிடலாம்."

"இன்னும் ஏறும். கொஞ்சம் பொறு. உனக்கு வீடு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

ஏறத்தான் செய்தது, கொஞ்ச நாள். அப்புறம் பதிப்பகத்தாரே எல்லாக் கதைகளையும் வழவழப்பான காகிதத்தில் கலரில் மறுபடி அச்சடித்துவிட்டார்கள். குடை பச்சையாகவே வந்தது. இனி பழசை எவன் சீந்துவான்? விலை பொத்தென்று விழுந்தது. லென்ஸ்காரர் எதிரே வந்தால்கூட வாட்சைப் பார்த்துக்கொண்டே நழுவிவிடுவார். நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டின் நல்ல காலம் அதுதான். விலை போகாத புத்தகத்தைப் பூட்டி வைப்பானேன் என்று அத்தான் பீரோவைத் திறந்தே போட்டுவிட்டார். மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தப் புத்தகங்களில்தான். அவளை நாங்கள் வாலு என்போம். கையில் பென்சில் இல்லாமல் படிக்கமாட்டாள். துப்பறிவாளருக்கு ஆபத்து வரும் இடங்களில் எல்லாம் படத்தின் ஓரத்தில் அவருக்கு எழுதி எச்சரிக்கை செய்வாள். 'பின்னாடி ஆள் நிக்கிறான், திரும்பிப் பாருங்க சார்.' 'அந்தக் காப்பியைக் குடிக்காதீங்க சார்.' அவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போகிற ஒரு படத்தில், 'சார், குடை.' இந்த மூன்றும் அவள் எனக்குப் படித்துக் காட்டியவை. அழுத்தி எழுதமாட்டாள். எழுத்து பூனை முடி மாதிரி இருக்கும், அதற்காகவே பள்ளிக்கூடத்தில் தினமும் திட்டு வாங்குவாள்.

எழுதியதும் முதலில் அப்பாவிடம்தான் ஓடுவாள். "அப்பா, இதைப் படிச்சுப் பாருங்க."

"வை கண்ணு, அப்புறம் பாக்கறேன்." வேலை முடிந்து களைத்து வந்திருப்பார். மகள் என்றால் அவருக்கு உயிர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் பார்க்கலாம் என்றுதான் உண்மையிலேயே நினைத்திருந்தார்.

அவளுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அந்த வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். "இந்த வீட்ல என்னால இருக்க முடியாதுங்க." மறுநாள் அத்தான் புத்தகங்களை ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டு, வளையாமலிருக்கப் பின்னால் அட்டை கொடுத்து, வாயை டேப்பால் ஒட்டி, பீரோவில் அடுக்கிப் பூட்டினார். சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் அவர் திறக்கவில்லை. மகளைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை.

எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அக்கா துணி தைக்கிற கம்பெனியில் காலை ஷிப்ட். மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள், அத்தான் வரச் சாயங்காலம் ஆகும். அந்த இடைவெளியில் தினமும் பீரோவைத் திறந்து, டேப்பை நகத்தால் மெல்லப் பிரித்து, ஒரு புத்தகத்தை எடுத்து மகளின் எழுத்தைப் படிப்பாள். படித்ததும் இருந்த மாதிரியே ஒட்டி வைத்துவிடுவாள். டேப் ஏன் இப்படிப் பிடிப்பு விட்டுப்போகிறது என்று அத்தான் வெயிலைத் திட்டிக்கொண்டே புது டேப் வாங்கி வருவார். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "தெரிஞ்சா அவரும் உக்காந்து அழுவாரு. அவர் அழறதைப் பாக்க எனக்குத் திராணி இல்ல," என்றாள்.

வருஷங்கள் போயின. சின்ன வயதில் பச்சைக்குடை படித்தவர்கள் கையில் காசு சேர்ந்து, போனிலேயே ஏலம் கேட்டுப் பழைய புத்தகங்களை வாங்க ஆரம்பித்தார்கள். வழவழப்புக் காகிதம் அலுத்து, மறுபடி மட்டக் காகிதத்துக்கு மவுசு வந்துவிட்டது. போன தடவையைவிடப் பெரிய ஏற்றம். லென்ஸ்காரர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார். இரண்டு மூன்று புத்தகங்களைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இதே செட் சுத்தமா இருந்திருந்தா நீங்க கேக்கறது கிடைக்கும். பென்சில் கிறுக்கல் இருக்கே," என்றார்.

"கிறுக்கல் இல்லைங்க," என்றார் அத்தான்.

அக்கா அன்று சொன்ன ஒற்றை வாக்கியத்தை அத்தனை வருஷமும் அவர் மனசில் சுமந்துகொண்டிருந்தார். ஒரு தடவை பேராசைப்பட்டு வீட்டைக் கோட்டைவிட்டாயிற்று, இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். வேலைக்கு லீவு போட்டார். அக்கா கிளம்பிப் போனதும் மேஜையில் சுத்தமான துணி விரித்து, போனில் வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டபடி, மெத்தென்ற ரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து அழித்தார். ரப்பர் தூளை முகத்துக்குப் பூசுகிற பிரஷ்ஷால் தட்டிவிட்டார். அழிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாராம். "போட்டுக்கிட்டா எழுத்து தெரியும். தெரிஞ்சா கை ஓடாதும்மா," என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்கத் தையல் கம்பெனியில் அவசர ஆர்டர், அக்கா இரண்டு ஷிப்ட் பார்த்தாள். பீரோ பக்கம் வர அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

செட்டை எடுத்துப்போக லென்ஸ்காரர் வருகிற அன்று, "ஒரு நல்ல சேதி இருக்கு, உன் அக்காகிட்ட சொல்றப்ப நீயும் இரு," என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொல்லிவிட்டுப் போனேன். லென்ஸ்காரர் ஒரு பக்கத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். இன்னொன்றை எடுத்துச் சாய்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"ரப்பர் போட்டிருக்கீங்களே சார். காகிதத்தோட மினுமினுப்பு போயிடுச்சு பாருங்க. பென்சில் இருந்தா விலைதான் குறையும், குறைச்சு வாங்கியிருப்பேன். கை வச்ச புத்தகத்தை இந்த வியாபாரத்துல எவனும் தொடமாட்டான்."

அந்தச் சமயம் பார்த்து அக்கா வேலையிலிருந்து வந்தாள். மேஜையில் உறை பிரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து ஒன்றை எடுத்துப் புரட்டினாள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அப்புறம் அதற்கடுத்தது.

"எங்கே?" என்றாள்.

லென்ஸ்காரர் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "நல்லாத்தான் அழிச்சிருக்காரும்மா," என்றார். அவர் வாயில் எதையாவது வைத்து அடைக்கலாமா என்று எனக்கு வந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தினம் படிப்பேன்," என்றாள். "நீங்க வேலையிலேர்ந்து வர்றதுக்குள்ள தினம் எடுத்துப் படிப்பேன்."

"உனக்காகத்தான்..." என்றார் அத்தான். "இந்த வீட்ல இருக்க முடியாதுன்னு சொன்னியே."

"அது அப்ப."

இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒரே வீட்டில், ஒரே பீரோவைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நானும் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நாளில் அந்த ஏற்றமும் போன இடம் தெரியாமல் போய்விட்டது. அதையெல்லாம் அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு இப்போது வேறு கவலை. வாலு என்னென்ன எழுதினாள் என்பது அவருக்குத் தெரியாது. முதலில் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த மூன்றையும் சொன்னேன். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் ஒருநாள், நான் இருக்கும்போதே அக்காவிடம் கேட்டார்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

"எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."

"மாட்டேன்." குரலை உயர்த்தவே இல்லை. "ஒவ்வொண்ணையும் அவ உங்ககிட்டத்தான் முதல்ல எடுத்துட்டு வந்தா."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா இவ்வளவு கல்மனசுக்காரி இல்லை. நான் தனியாகச் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "சொல்லிட்டா அதுவும் என்னை விட்டுப் போயிடும்டி," என்றாள்.

இப்போதெல்லாம் பீரோவுக்குப் பூட்டு இல்லை. லீவு நாளில் மத்தியானம் அக்கா ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். படங்களை வேகமாகத் தாண்டிவிட்டு, ஒன்றுமே இல்லாத ஓரங்களில் நின்று நின்று படிப்பாள், உதடு அசையும். சில பக்கங்களில் சிரித்துவிடுவாள். அத்தான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் எழுந்து போனதும், அவள் சிரித்த பக்கத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

போன வாரம் அப்படி ஒரு பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். துப்பறிவாளர் ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வேறு ஆளில்லை, ஆபத்தில்லை.

"இந்த இடத்துல சிரிக்கிற மாதிரி என்னம்மா எழுதியிருப்பா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.