மனுவும் ஆகாயத்தாமரையும்

கால்வாயில் வாரும் ஆகாயத்தாமரையைத் தண்ணீர் எட்டாத மேட்டில் கொட்ட வேண்டும் என்பது ஒப்பந்த விதி. காத்திவாக்கத்தில் எங்கள் தெருவோரக் கால்வாயை வாரியவர்கள் கரை விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். எங்கிருந்தோ வந்த அந்தச் செடி ஒரு கொத்து விழுந்தாலும் கால்வாய் முழுக்கப் பரவிவிடும். ஓய்வுபெற்ற அரசு ஊழியனான நான் முறைப்படி மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கி நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் வானம் கறுத்தது. கால்வாய் வழியே இறால் பிடிக்கப் போகும் ஏழுமலை வாசலில் வந்து நின்றார்.

“இன்னா சார், மனு குட்த்தா மழ நின்னுடுமா? இது உள்ள பூந்துச்சுன்னா படகு நவுராது. அப்பால உன் மனு மேல ஏறித்தான் நான் இறாலுக்குப் போவணும்!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தார்கள். கூடை கூடையாக மேட்டுக்குச் சுமந்தோம். கடைசிக் கூடையைக் கொட்டியபோது மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஏழுமலையின் படகு தடையின்றிப் போனது.

இப்போதெல்லாம் செடி தலைகாட்டினால் முதலில் கூடையை எடுக்கிறேன், பிறகுதான் பேனாவை. மனுவையும் விடுவதாக இல்லை.

“கள ஆய்வில் கரையில் செடிகள் ஏதும் காணப்படாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது” என்ற பதில் என் கைக்கு வந்து சேர்ந்தது, போகிப் பண்டிகையன்று.